மீசை குத்தாத லீவு

காய்ச்சல் விட்டதும் மற்றப் பிள்ளைகளுக்கு நிம்மதி. எனக்கு அப்போதுதான் வேதனை ஆரம்பிக்கும். மேலுதட்டின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. கையை வைத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்றால், நீர் கோத்த கொப்புளங்கள் கடுகு கடுகாகக் கூட்டம் போட்டு உட்கார்ந்திருக்கும். பிறகு அவை உடையும், பொருக்குத் தட்டும், சிரித்தால் வெடிக்கும், சிரிக்காவிட்டால் அரிக்கும். அது உதிர்ந்து விழுவதற்குள் வகுப்பில் என் பெயரே மாறிப்போயிருக்கும்.

பல்லி மூத்திரம் பெய்துவிட்டது என்பது என் வகுப்புப் பிள்ளைகளின் முடிவு. நான் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதாகவும், எங்கள் வீட்டுப் பல்லி மேலேயிருந்து குறிபார்த்து அந்தக் காரியத்தைச் செய்வதாகவும் அவர்களே சொல்லி, அவர்களே நம்பினார்கள். அதனால் எனக்கும் பல்லி என்றே பெயர். பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள், புண் வந்த நாட்களில் தன் தண்ணீர் பாட்டிலை மறுபக்கம் நகர்த்தி வைத்துக்கொள்வாள். கெட்டவள் இல்லை. நகர்த்தும்போது என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போலச் சிரிப்பாள். பதிலுக்குச் சிரிக்க முடியாது, பொருக்கு வெடித்துவிடும். வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டே பாதிப் படிப்பைப் படித்தேன். ஐந்தாம் வகுப்புக் குழுப்படத்தில் நான் தும்மப் போகிறவள் மாதிரி நிற்கிறேன்.

காய்ச்சல் மட்டும் என்றில்லை. பரீட்சை வந்தாலும் வரும், வெயிலில் சுற்றினாலும் வரும். ஆசை அளவுக்கு மீறினாலும் வரும் என்று அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

அப்பா ராணுவத்தில் இருந்தார். கம்பத்தில் அது ஒன்றும் அதிசயம் இல்லை; எங்கள் தெருவிலேயே இன்னும் சில வீடுகளில் அப்பாக்கள் படமாகவும் போனாகவும்தான் இருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை நீண்ட லீவில் வருவார். மதுரை வரைக்கும் ரயில், அங்கிருந்து தேனி, தேனியிலிருந்து கம்பம். ஆட்டோவை விட்டு இறங்கியதும் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஒரு கையாலேயே என்னைத் தூக்குவார். தூக்கிக் கன்னத்தில் முகத்தை வைத்து அழுத்தித் தேய்ப்பார். மீசை குத்தும். ரயில் புகையும் வேர்வையும் ஷேவிங் சோப்பும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். நான் விடச்சொல்லிக் கத்துவேன். விட்டுவிடக் கூடாதே என்றும் இருக்கும். வருஷம் முழுக்க நான் காத்திருந்தது, உண்மையைச் சொன்னால், அப்பாவுக்காகக்கூட இல்லை. அந்தக் குத்தலுக்காகத்தான்.

அந்த ஆனி மாதம் அப்பா வருகிறார் என்று போன் வந்தது. மலைப்பக்கமிருந்து சாரல் காற்று ஆரம்பித்திருந்தது. நான் ராத்திரியில் சரியாகத் தூங்காமல், சோறு இறங்காமல், வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவர் வருவதற்கு முதல் நாள் உதட்டில் எறும்பு ஊர்ந்தது. மறுநாள் விடிந்தபோது மேலுதடு முழுக்க வீங்கிக் கிடந்தது. இதுவரை வந்ததிலெல்லாம் பெரியது அதுதான்.

அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள். தன் தம்பியான அப்பாவைப் பார்க்கப் பெரியகுளத்திலிருந்து வந்திருந்த அத்தை, “எண்ணெய்க்கெல்லாம் கேக்காது, இந்தா இங்கன வா” என்று என்னை இழுத்து உட்காரவைத்து, மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்து அப்பிவிட்டாள். புண் அடங்கவில்லை. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கும் தெரியும்படி மஞ்சளாக மட்டும் ஆனது.

“பஸ் ஏறிட்டாகளாம்” என்று அம்மா போனை வைத்ததும் நான் பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். இந்த வாயோடு அப்பா முகத்துக்குப் பக்கத்தில் போக முடியாது. என் பெஞ்சுக்காரி ஒரு பாட்டிலையே நகர்த்துகிறாள். அப்பா என்ன செய்வார்?

ஆட்டோ சத்தம் கேட்டது. அத்தையின் குரல் கேட்டது. பிறகு எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள். அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான் கைக்குட்டையை மூக்கு வரைக்கும் ஏற்றிப் பொத்தியிருந்தேன்.

அப்பா கூடத்தில் நின்றிருந்தார். கழுத்திலிருந்து மூக்கு வரைக்கும் மப்ளரைச் சுற்றியிருந்தார். பெட்டி ஏற்கெனவே கீழே இருந்தது. கைகள் இரண்டும் சும்மாதான் இருந்தன. ஆனாலும் அவர் என்னைத் தூக்கவில்லை. கொஞ்சம் தள்ளியே நின்று கையை மட்டும் நீட்டி என் தலையில் வைத்தார்.

“நல்லாப் படிக்கிறியாத்தா?”

அது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வி. நான் தலையை ஆட்டினேன். மஞ்சள் தடவிய இடத்தை மறைக்க என் கைக்குட்டை போதவில்லை. அப்பா பார்த்துவிட்டார், அருவருத்துவிட்டார் என்று முடிவு செய்தேன். அழக்கூட முடியவில்லை. கண்ணீர் இறங்கி அந்த இடத்தில் பட்டால் எரியும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த முடிவுக்குத் தோதாகவே இருந்தது. அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். யாராவது கேட்டால், தொண்டைக் கட்டு, காற்றுப் படக்கூடாது என்றார். அவரும் அம்மாவும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்ததை ஒரு நாள் கேட்டேன்.

“புள்ளைக்குத் தெரிய வேணாம்” என்றார் அப்பா. “பாத்தாச் சங்கடப்படும்.”

அம்மா சிரித்தாள். என் அம்மா அந்த விஷயத்தில் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அத்தை ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் போனில் எங்களைப் படம் எடுத்தாள். இப்போதும் இருக்கிறது. ஒரு பக்கம் மப்ளர், ஒரு பக்கம் கைக்குட்டை, நடுவில் அம்மா மட்டும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறாள். இரண்டு திருடர்கள் ஒரு பெண்ணைக் கடத்திப் போகிற மாதிரியும், அவள் அதற்குச் சம்மதித்துவிட்ட மாதிரியும் இருக்கும் அந்தப் படம்.

அந்த வாரக் கடைசியில் சுருளிக்குப் போனோம். அம்மாவின் வேண்டுதல் ஏதோ. அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஆண்கள் பக்கம் அப்பா போனார். பெண்கள் பக்கம் அம்மா என்னைக் கூட்டிப்போனாள். நான் கைக்குட்டையோடுதான் தண்ணீருக்குள் நின்றேன். அருவி அதையெல்லாம் பார்க்குமா? தலையில் விழுந்த வேகத்தில் கை தன்னால் விலகியது, கைக்குட்டை போன இடம் தெரியவில்லை. ஊறிப்போன பொருக்கு எரிந்தது. அம்மா துணி மாற்றிக்கொண்டிருந்தாள். நான் நடுங்கிக்கொண்டே, ஈரப் பாவாடையோடு படிக்கட்டுக்கு வந்தேன்.

எதிரே அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். மப்ளர் இல்லை.

என்னைப் பார்த்ததும் அவர் கை சட்டென்று வாய்க்குப் போனது. என் கையும் அதே நேரத்தில் என் வாய்க்குப் போனது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, ஆளுக்கொரு படியில் நின்றோம். பின்னால் வந்தவர்கள் வழி கேட்டுத் திட்டினார்கள். ஆனால் நான் பார்த்துவிட்டேன். மீசையை முழுக்க மழித்திருந்தார். மேலுதட்டிலும் கீழுதட்டிலும் பொருக்குகள். என்னுடையதைப் போலவேதான், ஆள் பெரியவர் என்பதால் அவையும் பெரியதாக இருந்தன.

“ஒங்களுக்குமா?” என்றேன்.

அப்பா கையை எடுத்தார். பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னார். அந்த முகம் எனக்குப் பழக்கமில்லாத முகமாக இருந்தது. மீசை இல்லாமல் அவர் யாரோ ஒருவருடைய தம்பி மாதிரி தெரிந்தார்.

“அங்கன பனியில வெயில் பட்டுத் திரும்பி அடிக்கும்த்தா. ஒதடெல்லாம் வெந்துபோகும். அதோட இதுவும் வந்துரும். எங்க கூடாரத்துல பாதிப் பேருக்கு இருக்கும். அங்கன ஒருத்தரும் மறைக்கிறதில்ல. ஊருக்கு வந்தாத்தான் வெக்கமா இருக்கு.”

“மீசைய ஏன் எடுத்தீக?”

“மருந்து தடவணும்னு எடுக்கச் சொல்லிட்டாக.” அவர் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். “அங்க டாக்டர் கேட்டாரு, வீட்டுல வேற யாருக்கும் இருக்கான்னு. எம் மகளுக்கு இருக்குன்னேன். நீ கைப்புள்ளயா இருக்கையில நான் கொஞ்சுனதுல ஒட்டியிருக்கும், இனி போகாதுன்னாரு. பள்ளிக்கூடத்துல ஒன்னையப் பல்லின்னு சொல்றாகன்னு ஒங்கம்மா போன்ல சொல்லிச் சொல்லி அழுவா. கடைசில பாத்தா நான்தான் ஒனக்குக் குடுத்திருக்கேன்.”

அவர் அதை ஒரு பெரிய குற்றத்தைச் சொல்வது போலச் சொன்னார். எனக்கோ தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

“நெசமாவா? நீங்க குடுத்ததா?”

“சிரிக்காத, வெடிச்சிரும்” என்றார் அப்பா. சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவருக்குத்தான் முதலில் வெடித்தது.

அதற்குப் பிறகு அந்த லீவு நன்றாகப் போனது. மப்ளர் கொடியில் தொங்கியது. அப்பாவும் நானும் ஒரே கண்ணாடி முன்னால் நின்று ஒரே மருந்தைத் தடவிக்கொண்டோம். யாருக்கு முதலில் உதிரும் என்று போட்டி வைத்தோம். உறைப்புக் குழம்பு வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து முகம் சுளித்தோம். அம்மா எங்களுக்கென்று தனியாகத் தயிர் எடுத்துவைத்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு நான் கைக்குட்டை இல்லாமல் போனேன். பாட்டிலை நகர்த்தப்போன பெஞ்சுக்காரியிடம், “இது பல்லி இல்ல, எங்க அப்பா குடுத்தது” என்றேன்.

அவள் யோசித்துவிட்டு, “ஒங்க அப்பா மேலயும் பல்லி பேஞ்சிருச்சா?” என்று கேட்டாள்.

“அங்கன பனியில பல்லியே கிடையாது” என்றேன். அவள் பாட்டிலை நகர்த்தித்தான் வைத்தாள். எனக்கு அது உறைக்கவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. அப்பா என்னைத் தூக்கவே இல்லை. பக்கத்தில் உட்காருவார், தோளில் கை போடுவார். முகத்தை மட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள்வார். திரும்பவும் ஒட்டிவிடும் என்று பயம். பல வருஷம் கழித்துத் தேனியில் ஒரு தோல் டாக்டரிடம் இதைக் கேட்டேன். அப்பாவிடமிருந்து எனக்கு வந்ததுதான் அப்போதே வந்துவிட்டதே, இனி அவர் கொஞ்சினால் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்காமல் கொஞ்ச தூரம் நடந்தேன்.

லீவு முடிந்து அப்பா கிளம்பும்போது எனக்கு எல்லாம் உதிர்ந்திருந்தது. அவருக்குக் கீழுதட்டு ஓரத்தில் சின்னதாக ஒன்று மிச்சம் இருந்தது. மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. கம்பம் பஸ் நிலையத்தில் தேனி வண்டி நின்றுகொண்டிருந்தது.

“இப்பத் தூக்குங்கப்பா” என்றேன்.

“இன்னும் முழுசா ஆறலைத்தா. மீசையும் வளரட்டும். அடுத்த லீவுக்குத் தூக்குறேன்.”

நான் சரி என்றுவிட்டேன். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. அப்பா பஸ் ஏறாமல் நின்றார். உள்ளங்கையை என் உச்சந்தலையில் வைத்து, அப்படியே நேராகத் தன் சட்டைக்குக் கொண்டுபோய், எந்தப் பொத்தான் வரைக்கும் வந்திருக்கிறேன் என்று பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா பழக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த லீவு தள்ளிப் போனது. அதற்குள் நான் வயசுக்கு வந்திருந்தேன். சடங்குக்கு அப்பாவால் வர முடியவில்லை. அத்தைதான் சீரெல்லாம் எடுத்துவைத்தாள். கடைசியில் அவர் வந்து ஆட்டோவை விட்டு இறங்கியபோது நான் சுடிதாரும் துப்பட்டாவுமாக வாசலில் நின்றிருந்தேன். உதட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. அவருக்கும் இல்லை. மீசை பழையபடி அடர்ந்திருந்தது. பெட்டியைக் கீழே வைத்தார். கைகள் பழக்கத்தில் கொஞ்சம் எழுந்தன. எழுந்த கையால் தோள் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சாப்பிட்டியாத்தா?”

“சாப்பிட்டேன்ப்பா.”

அன்றைக்குப் பஸ் நிலையத்தில் நின்ற பிள்ளைக்கு ஒன்று மட்டும்தான் தெரியும்: லீவு என்பது திரும்பத் திரும்ப வருவது. அதனால் தேனி வண்டி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கையை ஆட்டிவிட்டு, அம்மாவின் விரலைப் பிடித்துக் குதித்துக் குதித்து வீட்டுக்கு வந்தாள். அம்மா ஏன் வழியெல்லாம் பேசாமல் வந்தாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. இரண்டு தடவை கேட்டாள்.