ஒரு மணி நேர ஊறுகாய், ஆறு நாள் மௌனம்

என் மனைவி ரேவதி ஆறு நாள் என்னோடு பேசவில்லை. காரணம் என்ன தெரியுமா? முள்ளங்கி. சரி... முள்ளங்கி பாதி, நான் பாதி.

ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு மெஷின் பொருத்த வந்த வியட்நாம் இன்ஜினியர் ஒருவர், கேன்டீனில் தன் டப்பாவிலிருந்து ஊறுகாய் கொடுத்தார். கேரட்டும் வெள்ளை முள்ளங்கியும். இனிப்பு, புளிப்பு, நறுக் நறுக். "ஒன் அவர், ரெடி" என்றார். விடுவேனா?

உழவர் சந்தையில் வாங்கிவந்து குச்சி குச்சியாக நறுக்கினேன். உப்பும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்தேன். குச்சி உடையாமல் வளைய வேண்டும் — அதுதான் பதம். பிழிந்து பாட்டிலில் அடைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வினிகரும் சர்க்கரையும் கலந்து ஊற்றினேன்.

"எண்ணெ இல்ல, மொளகாத்தூள் இல்ல. இது என்னங்க, ஆஸ்பத்திரி ஊறுகாயா?" என்றாள் ரேவதி. ஆனாலும் இரண்டு முறை போட்டுக்கொண்டாள். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த பாட்டிலை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மூடியைத் திறந்த கையோடு, போட்டோ எடுக்க போனைத் தேடி ஹாலுக்குப் போனேன். திரும்பி வந்தால்... கேஸ் நாற்றம்!

மூடிவைத்த முள்ளங்கி அப்படித்தான் நாறும் என்று எனக்கு யார் சொன்னது?

இத்தனைக்கும் நான் யார்? சேஃப்டி ஆபீசர். "பதறக் கூடாது" என்று மைக்கில் சொல்லிச் சம்பளம் வாங்குபவன். மூன்று மாடியையும் ஒற்றைச் செருப்போடு இறங்கினேன். வழியில் நாலு வீட்டு பெல்லை அடித்து, "கேஸ் லீக்! இறங்குங்க!" என்று கத்தினேன். நாலு குடும்பமும் கீழே வந்தது. பெருமையாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

கீழ்வீட்டுக் கன்னடக்காரர் சிவண்ணா கேட்டார்: "சார், மேடம் எல்லி? மேடம் எங்க?"

மேடம் பாத்ரூமில் குளித்துக்கொண்டிருந்தாள்.

நான் வாய் திறப்பதற்குள் ஈரத்தலையோடு பால்கனிக்கு வந்துவிட்டாள். "எல்லாரும் கீழ என்ன பண்றீங்க?"

"கேஸு!"

உள்ளே போய் மோந்து பார்த்துவிட்டு வந்தாள். "கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க முள்ளங்கிதான் தொறந்து கெடக்கு!"

அபார்ட்மென்டே சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்புறம் சிவண்ணா, நல்ல மனசோடுதான், "சார் எங்களையெல்லாம் காப்பாத்துனாரு மேடம். உங்கள மட்டும் மறந்துட்டாரு!" என்றார். அவள் மட்டும் சிரிப்பை நிறுத்தினாள்.

அந்த ஆறு நாளில் நான் அடிக்காத ஜோக் இல்லை. பயத்தில் மூளை வேலை செய்யாது என்று விளக்கமும் கொடுத்தேன். வேலை செய்யாத மூளையா நாலு பெல்லையும் வரிசையாக அடித்தது? கூடவே இருக்கிற ஆளைத்தான் நாம் மறக்கிறோம். கை, கால் மாதிரி தானாகக் கூட வந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

நேற்றுக் காலை காபியை வைத்துவிட்டு ரேவதி வாயைத் திறந்தாள்.

"மறந்தது சரிங்க. வெளிய தாப்பா எதுக்குப் போட்டீங்க?"

ஆமாம்... அதை உங்களிடமும் மறைத்துவிட்டேன். அவள் பால்கனிக்கு வந்ததே, வாசல் கதவு திறக்காததால்தான்.

கடைசியாக வெளியேறும் ஆள் கதவைச் சாத்த வேண்டும் என்று வகுப்பெடுப்பவன் நான். அன்றைக்கு முதல் ஆளாக ஓடி, கடைசி ஆள் மாதிரி சாத்தி, தாழ்ப்பாளும் போட்டிருக்கிறேன்!