மாமாவின் ஆணியும் என் ஆணியும்

என் தாய்மாமா சித்தூரில் தபால்காரர். அவருடைய வலது பாதத்தில், சுண்டு விரலுக்குக் கீழே, பட்டாணி அளவுக்கு ஒரு கால் ஆணி இருந்தது. அவர் நடந்தால் இடது கால் வேலைக்குப் போகும், வலது கால் லீவு கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு ஆனதும் காலை வெந்நீரில் ஊறப் போட்டு, சவரம் செய்து தீர்ந்த பிளேடால் அந்த ஆணியைச் சீவுவார். எருக்கம்பால் வைப்பார். புதன்கிழமைக்குள் அது பழைய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

அந்த நடையை என்னைப் போல நடித்துக் காட்ட ஊரில் ஆள் இல்லை. தோளில் பை இருப்பது போலச் சாய்ந்து, வலது காலை ஓரமாக வைத்து, உதட்டைக் கடித்து, "சார், போஸ்ட்" என்பேன். பத்தாவதை மூன்றாவது தடவையில் பாஸ் செய்த எனக்கு, முதல் தடவையிலேயே வந்த வித்தை அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் சர்ச் படிக்கட்டில் நின்றார்கள். பாடகர் குழுப் பையன்கள் கேட்டதால் மேல்படியிலிருந்து மாமாவாக இறங்கத் தொடங்கினேன். வலது காலுக்கு லீவு கொடுத்தாயிற்று, பாரமெல்லாம் இடது காலில். கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்தேன், அது முன்பே முடிந்துவிட்டது. பாதம் உள்பக்கம் மடங்கி 'சடக்' என்றது. நான் தரையில் கிடந்து கத்தினேன். பையன்கள் கை தட்டினார்கள்.

"இன்னாமா துள்றான் பாரு."

"மாமா இந்த மாதிரி துள்ள மாட்டாரே, இவனா சேத்துக்கினான்."

என் பாதம் திரும்பியிருந்த திசையைக் கவனித்தவர் மாமா ஒருவர்தான். ஆணியை மறந்து ஓடி வந்தார்.

மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கணுக்காலின் உள்பக்கத்து எலும்பு முனை உடைந்து நகர்ந்திருந்தது. மாமா புத்தூர் கட்டு போடலாம் என்றார். எங்கள் ஜில்லாவில் எலும்பு முறிந்தவர்களை வேறு எந்த ஊர் பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்புக்கு நடுவே சவ்வு மாட்டியிருக்கிறது, வெளியே இருந்து எதைக் கட்டினாலும் சேருவது கஷ்டம். மாவுக்கட்டு மட்டும் போட்டால் கோணலாகச் சேர்ந்து ஆயுசுக்கும் வலிக்கலாம். திறந்து, நேராக வைத்து, இரும்பு போட்டு இறுக்குவதுதான் நல்லது என்றார்.

அம்மா பயந்துவிட்டாள். "ஆண்டவர் குடுத்த கால்ல ஆணி அடிப்பீங்களா சார்?"

"அடிக்க மாட்டோம்மா, திருகுவோம்" என்றார் டாக்டர்.

அம்மாவுக்கு அது கொஞ்சம் மரியாதையாகப் பட்டது. சம்மதித்தாள்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. பையன்கள் வந்து அதன்மேல் 'வாடகைக்கு விடப்படும்' என்று எழுதினார்கள். உள்ளே அரித்தபோது ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்தேன். உள்ளே புண்ணானால் காலையே பார்க்க முடியாது என்று நர்ஸம்மா குச்சியைப் பிடுங்கி உடைத்துப் போட்டார். கட்டைப் பிரித்தபோது வெளியே வந்த கால், தோல் உரிந்து, பாதியாக இளைத்து, யாரோ கொடுத்து வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. கட்டைவிரலால் காற்றில் எழுத்து எழுதிப் பழகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கையால் எழுதாத அ, ஆ எல்லாவற்றையும் காலால் எழுதினேன். காலையில் நன்றாகத்தான் நடப்பேன். சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கி, சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடை.

ஆபரேஷன் ஆகி நாலு மாதத்தில் கார்டு வந்தது. அரசாங்க பஸ்ஸில் கண்டக்டர் வேலை. மற்றதெல்லாம் முடிந்து, திருப்பதியில் டாக்டர் பார்த்து 'சரி' என்று எழுத வேண்டியதுதான் பாக்கி. நைனா போன பிறகு மாமா சம்பளத்தில் உட்கார்ந்து துன்றவன் என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. இந்த வேலை கிடைத்தால் அந்த வாய்களுக்கெல்லாம் நானே டிக்கெட் கிழிக்கலாம். காலில் இரும்பு இருப்பது தெரிந்தால் வேலை போச்சு என்று நானாகவே முடிவு செய்தேன். அப்போதுதான் வந்திருந்த பெல்பாட்டம் ஒன்று தைத்தேன். அதற்குள் கணுக்கால் என்ன, ஒரு கோழியையே மறைக்கலாம்.

மாமாவும் துணைக்கு வந்தார். "வாய வெச்சிக்கினு சும்மா இரு மாப்ளே. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார்.

திருப்பதி டாக்டர் கடலோர ஆந்திரா பக்கத்துக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. கண், காது எல்லாம் பார்த்துவிட்டு மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"காலுக்கி ஏமயிந்தய்யா?"

காலுக்கு என்ன என்று கேட்டதும் எனக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் ஓடிப்போயிற்று. "ஆணி சார்" என்றேன்.

"ஆனெலா?"

தெலுங்கில் ஆனெ என்றால் மாமாவுக்கு இருக்கும் கால் ஆணி. இது நல்லதாகப் போயிற்றே என்று, "அவுனு சார்" என்று ஆமாம் போட்டேன். நான் பொய் சொல்லவில்லை, அவர் காதுதான் சொன்னது.

அவர் காகிதத்தில் எழுதிக்கொண்டே தெலுங்கில் சொன்னார்: ஆனெ இருக்கிறவன் நாளெல்லாம் பஸ்ஸில் எப்படி நிற்பான்? இது முடியாது.

மாமாவின் ஆணிக்காக என் வேலை போவதா?

"ஆனெ காது சார். மேக்கு."

தெலுங்கில் காது என்றால் இல்லை, மேக்கு என்றால் இரும்பு ஆணி. அவர் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். "மேக்கா? எவரு கொட்டினாரு?"

"டாக்டரே சார். கொட்டலேது, திப்பாரு."

அடிக்கவில்லை, திருகினார் என்றதும் எழுந்து வந்துவிட்டார். பெல்பாட்டத்தைத் தூக்கினார். மறைப்பதற்குத் தைத்தது தூக்குவதற்கும் அத்தனை வசதி. தழும்பைத் தடவினார், பாதத்தை நாலு பக்கமும் திருப்பினார், நடக்கச் சொன்னார். காலை வேளை, மாப்பிள்ளை போல நடந்தேன். இரும்பு இருப்பது குற்றமில்லை, கால் பாரம் தாங்குகிறதா என்பதுதான் விஷயம் என்றார். என் உயிர் திரும்பியது. அப்புறம் கதவுக்கு வெளியே நின்ற மாமாவைக் கூப்பிட்டு, சாயங்காலத்தில் இவன் எப்படி நடக்கிறான் என்று கேட்டார்.

நான் மாமாவைக் கண்ணால் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்தார். பையை நாற்காலியில் வைத்தார். சுவரைத் தொட்டார். இடது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, மூக்கைச் சுளித்து, 'ஸ்ஸ்' என்று காற்றை இழுத்து, அறையின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பினார். அதுவரை என் நடையை நான் பார்த்ததில்லை. அப்படியே இருந்தது. எத்தனை நாள் ஒத்திகை பார்த்தாரோ.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதி சரே. ஈ குடி காலு எவரிதி?" இடது கால் சரி, நொண்டும் இந்த வலது கால் யாருடையது என்று கேட்டார்.

"அதி நாதி சார்" என்று மாமா அடக்கமாக அதைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார்.

மாமாவின் காலையும் பார்த்தார். செருப்பு ஒரு சைஸ் சின்னது, அது அழுத்துகிறவரை எவ்வளவு சீவினாலும் ஆனெ வளரும், பிளேடைத் தூக்கிப் போடு, அகலமான செருப்பு வாங்கு என்றார். என்னை மூன்று மாதம் கழித்து வரச் சொல்லி எழுதினார். ஒற்றைக் காலில், குதிகால் தூக்கி, இருபது தடவை எழும்பிக் காட்டினால் வேலை.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பழி தீத்துக்கினியா மாமா?"

"ஆமாண்டா. பின்ன, சர்ச்ல எல்லாரும் சிரிச்சப்போ எனக்கு இன்னா, குளுகுளுன்னா இருந்திச்சி?" செருப்பைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டே, "இந்தக் காலோட ராத்திரி சர்வீஸ் போனா ஒரே வாரத்துல வீட்டுக்கு அனுப்பிச்சிடுவான். அப்பால உன்ன எவன் கூப்புடுவான்?" என்றார்.

மூன்று மாதமும் சாயங்காலம் அதே சர்ச்சின் கீழ்ப்படியில் விளிம்பைப் பிடித்து நின்று குதிகால் தூக்கினேன். மாமா எண்ணுவார். பதினெட்டு வந்ததும் யாருக்காவது ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, "எங்க உட்டேன்? பன்னண்டா?" என்பார். அதனால் திருப்பதியில் டாக்டர் இருபது கேட்டபோது நான் முப்பத்தொன்று போட்டேன். அவர்தான் போதும் என்று கையைப் பிடித்து நிறுத்தினார்.

சித்தூர், பங்காருபாளையம் வழியில் எனக்கு டூட்டி விழுந்தது. மாமா அகலமான செருப்பு வாங்கினார். நாலைந்து மாதத்தில் ஆணி கரைந்து, ஜில்லாவில் எல்லாரையும் போல நடக்க ஆரம்பித்துவிட்டார், பார்க்கவே சகிக்கவில்லை. அந்தப் பழைய நடை இப்போது ஊரில் என் ஒருவனிடம்தான் இருக்கிறது. கேட்டால் நடித்துக் காட்டுவேன். படிக்கட்டில் மட்டும் கிடையாது.