ஜெசிந்தா அக்கா கட்டிய சிவப்பு டேக்

ஜெசிந்தா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி, ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது போனில் வந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பிவிடுவார் என்றுதான் நம்பியிருந்தேன். பஸ் வந்தது, ஏறி வேலைக்குப் போனேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒரகடத்தில் நம் கம்பெனியின் உற்பத்தி லைனில் அவர் தரப் பரிசோதகர். லைனில் வேலை பார்க்கும் உங்களில் அவரிடம் திட்டு வாங்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஓய்வு நேரத்தில் நான் ஒரு கேம் செய்துகொண்டிருந்தது சிலருக்குத்தான் தெரியும். படம் கிடையாது, எல்லாம் எழுத்து. கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட பெண் ஒருத்தி, தோழியோடு மண்ணூருக்கு நடக்கிறாள். 'கதவைத் திற', 'டார்ச்சை எடு' என்று ஆடுபவர் அடித்தால் கதை நகரும். பிழை பார்த்து, கடைசிச் சோதனை செய்து தரும்படி அக்காவைக் கேட்டேன்.

ஒரு ஞாயிறன்று சர்ச்சில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கதையில் டீக்கடை வந்ததும் 'உட்கார்' என்று அடித்தார். 'புரியவில்லை' என்றது கேம்.

"ஷிஃப்ட் முடிச்சிட்டு நடந்துகினு வரவ, பெஞ்சைப் பாத்தா இன்னா பண்ணுவா? உக்காருவா. இதுகூடவா தெரியாது உன் கேமுக்கு?"

படு, துப்பு, செருப்பைக் கழற்று என்று அவர் அடித்த எதற்கும் அதனிடம் பதில் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. அவரோ எழுத்துப் பிழைகளைத் திருத்தியபடியே நான் வாங்கி வைத்திருந்த பிரியாணியையும் ஒரு கை பார்த்தார்.

கடைசிக் காட்சியில் தோழி வேறு பாதையில் பிரிந்து போவாள். அக்கா 'கூப்பிடு' என்று அடித்தார். மறுபடியும் 'புரியவில்லை'. கதைப்படி அவள் திரும்ப மாட்டாள், கூப்பிட்டுப் பயனில்லை என்றேன்.

"அவ வரமாட்டான்னு தெரிஞ்சாலும் கூப்பிடுவாங்கப்பா. அதுக்கு ஒரு பதில் எழுது."

சொன்னதோடு விடவில்லை. லைனில் குறையுள்ள பாகத்தில் கட்டும் சிவப்பு டேக் ஒன்றை எடுத்து என் லேப்டாப் பையின் வாரில் கட்டினார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். டேக் கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும், அதுவரை சரக்கு வெளியே போகக் கூடாது. நான் பதில் எழுதுவதற்குள் அவர் படுக்கையில் விழுந்தார். அவர் வந்து அவிழ்க்கட்டும் என்று கேமை வெளியிடாமல் நிறுத்தி வைத்தேன்.

அடக்கம் முடிந்து வந்து அந்தப் பதிலை எழுதினேன்: 'அவள் திரும்பவில்லை. ஆனாலும் உன் குரல் அவள் காதில் விழுந்திருக்கும்.' இது தேறுமா தேறாதா என்று சொல்ல ஆளில்லை. அக்காவின் சட்டத்தை மீறி நாளை கேமை வெளியிடுகிறேன். டேக்கை அவிழ்க்கவில்லை, அது என்னிடமே இருக்கும். கூடவே அவர் சொன்ன இன்னொன்றும் என்னிடம் தங்கிவிட்டது. பதிலை எழுதி முடித்த கையோடு, "அக்கா, ஒரு தரம் பாருங்க" என்று சத்தமாகவே கூப்பிட்டேன்.