அண்ணி நட்ட மண்மேடு

எங்கள் சிலுங்கா கிராமம் டவுனாக மாறியது கென்யாவுக்கே நல்ல செய்தியாக இருக்கலாம். என் அண்ணன் சிதாத்தியின் தலையில் அது சனியாக வந்து உட்கார்ந்தது.

அப்பா எங்களுக்கு ஆளுக்கு ஆறு ஏக்கர் மக்காச்சோளக் காடு பிரித்துக் கொடுத்தார். தார் ரோடு வந்த வருஷம் அண்ணன் ரோட்டோரத்து ஒரு ஏக்கரை விற்று மோட்டார் சைக்கிள் வாங்கி வாடகைக்கு ஓட்டினார். அங்கே இப்போது பெட்ரோல் பங்க். அடுத்த ஏக்கரை விற்று மாவு மில் வைத்தார், ஊரில் ஏற்கெனவே மூன்று மில் ஓடிக்கொண்டிருக்கையில். அதற்கடுத்தது ஒரு பழைய காராக மாறியது. முதல் மழைக்கே சேற்றில் நின்றுவிட்ட அந்தக் காரில் இன்றைக்கும் கோழிகள்தான் முட்டையிடுகின்றன. மற்றதை எதற்கு விற்றார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. உரக்கடை, மருந்துக்கடை, வாடகை அறைகள் என்று அவர் நிலத்தின்மேல் ஊர் மளமளவென்று எழும்ப, அவர் சந்தையில் மாவு வாங்கிக் களி தின்றார். நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

மிஞ்சியது அண்ணி நசாம்புவின் வீடும் கீரைப்பாத்தியும் இருந்த கால் ஏக்கர். போன மாதம் அதற்கும் தரகரைக் கூட்டிவந்தார். எல்டோரெட் நகரத்து வியாபாரி ஒருவர் அங்கே நாலு மாடி எழுப்பப் போகிறாராம்.

"நாம எங்க போறது?" என்று அண்ணி கேட்டார்.

"வாடகை வீட்டுக்கு. டவுன்ல எல்லாரும் அப்படித்தான இருக்காங்க."

"செத்தா? பொணத்தையும் வாடகைக்கு வைப்பாங்களா?"

எங்கள் புகுசு ஜனத்தில் மனுஷன் சொந்த மண்ணில்தான் புதைபட வேண்டும். அண்ணனுக்குத் தெரியாதா என்ன? "நான் சாகப்போறேன்னு யாரு சொன்னா?" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வியாபாரி வருகிற அன்று, அண்ணனிடம் கடைசியாக ஒருமுறை கத்திப் பார்க்கலாம் என்று போனேன். வாசலுக்கு நேரே ஆள் நீளத்துக்குப் புது மண்மேடு. வியாபாரி காரிலிருந்து ஒரு கால்தான் கீழே வைத்தார். சமாதி இருக்கிற நிலத்தை எங்கள் பக்கத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். காலை உள்ளே இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தரகரும் பின்னாலேயே ஓடினார்.

"யாருடி அது?" என்று அண்ணன் கத்தினார்.

அண்ணியின் கையில் மண் இன்னும் ஒட்டியிருந்தது. "வாழைமரம்."

ஆள் தொலைந்து உடல் கிடைக்காவிட்டால், பதிலுக்கு வாழைமரத்தை வெட்டிப் புதைப்பது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டில் யாரும் தொலையவில்லையே என்று நானும் குழம்பினேன்.

"யாருக்குப் புதைச்ச?"

"நீங்க வித்த நெலத்துக்கு. அது இனி வராது. நான் அழுது முடிச்சிட்டேன்."

அண்ணன் மண்வெட்டியை எடுத்தார். தோண்டினால் அவர் கையை உடைத்துவிடுவது என்று நான் முன்னால் போனேன். ஆனால் அவர் மேட்டருகே போய் வெறுமனே நின்றார்.

"எல்லாரும் மண்ணு போட்டாச்சா?" என்றார்.

"நீங்களும் தம்பியும்தான் பாக்கி."

மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார். இன்னொரு பிடியை என் கையில் வைத்தார்.