கேபிளை விடாதவர்

எனக்கு வேலை போய் அரை வருடத்துக்கு மேலாகியிருந்தது. அதற்குள் வந்த ஒரே உருப்படியான நேர்காணல் அதுதான். காலை பத்து மணிக்கு, வீட்டிலிருந்தே, வீடியோவில். இதையும் கோட்டைவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் முன்னறை என்பது ஒரு கட்டில், ஒரு மேஜை, நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் சந்து. அந்த மேஜைக்குத்தான், வேலை இருந்த தெம்பில், ஆசைப்பட்டு ஓர் அகல மானிட்டரை வாங்கியிருந்தேன். இடது கோடியில் இருப்பதைப் படிக்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். “டிக்கெட் போட்டு தெருவுல இருக்குறவங்கள உக்கார வைக்கலாம்” என்பார் என் கணவர்.

லேப்டாப்பில் மானிட்டர் கேபிளைச் சொருகும் ஓட்டை தளர்ந்துபோயிருந்தது. லேசாக அசைந்தால் போதும், திரை கறுத்துவிடும். உடனே வெளிச்சம் வந்துவிடும்தான். ஆனால் அதற்குள் மானிட்டரையே யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டி, திறந்திருந்த விண்டோக்களை எல்லாம் வாரி இடது கோடியில் குவித்துவிடும். சில விண்டோக்களின் தலைப்பகுதி திரைக்கு வெளியே போய்விடும். பிடித்து இழுக்கவும் வழி இருக்காது. லேப்டாப்பின் சொந்தத் திரையில் கீழ்ப்பாதி எப்போதோ செத்துவிட்டது. சர்வீஸுக்குக் கொடுத்தால் ஒரு வாரம் வைத்துக்கொள்வார்கள். அந்த வாரம் பார்த்து யாராவது கூப்பிட்டுவிட்டால்? அதனால் ஒரு கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்து மடித்து, அந்த ஓட்டையில் முட்டுக்கொடுத்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை பார்த்து முட்டு கைவிட்டது. பத்து மணி நெருங்க நெருங்க, திரை திரும்பத் திரும்பக் கறுத்தது. ஆபீசுக்குக் கிளம்பச் சட்டை மட்டும் மாட்டியிருந்த கணவர், லுங்கியோடு மேஜைக்குப் பின்னால் சுவரோரம் புகுந்து உட்கார்ந்தார்.

“நீ பேசு. நான் புடிச்சிக்கிறேன்.”

“உங்களுக்கு ஆபீசு?”

“பாத்துக்கலாம். பேசு நீ.”

நேர்காணல் செய்தவர் என் வயதுப் பெண். சிரிக்காத முகம். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். கேமரா, வலப்பக்கம் இருந்த லேப்டாப்பின் தலையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவர் முகம் வரும்படி விண்டோவை இழுத்து வைத்திருந்தேன். இரண்டாவது கேள்வியிலேயே திரை கறுத்தது. வெளிச்சம் வந்தபோது அவர் இடது கோடிக்குப் போயிருந்தார், இழுக்க முடியாதபடி. அதன் பிறகு நான் கேமராவுக்குக் கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் பதில் சொன்னேன்.

அது எப்படித் தெரியும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பக்கத்தில் ஆளை உட்காரவைத்து விடை வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தன் நேர்காணலில் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லச் சொன்னார்கள் என்று தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். அந்த நினைப்பிலேயே தெரிந்த பதிலும் தடுமாறியது.

“பக்கத்தில் பார்த்துப் பார்த்துப் பேசுகிறீர்கள். அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா?” மரியாதையாகத்தான் கேட்டார்.

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேஜைக்குப் பின்னால் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. அவர் ஒரு தும்மல் போட்டால் என் கதை முடிந்தது.

“என் கணவர் இருக்கிறார். மானிட்டர் கேபிளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்” என்றேன். என் காதுக்கே அது அப்பட்டமான பொய்யாகக் கேட்டது.

“காட்டுங்கள்.”

லேப்டாப்பைத் திருப்பினேன். குந்தி உட்கார்ந்து, இரண்டு விரலால் கேபிளை அழுத்திப் பிடித்திருந்த மனிதர் கேமராவை அண்ணாந்து பார்த்தார். டிராபிக் போலீஸ் மடக்கினால் அவருக்குத் தானாக வரும் கன்னடம் வந்தது.

“நமஸ்காரா மேடம். பரீ கேபிள் மேடம். பேரே ஏனு இல்லா.”

வெறும் கேபிள்தான், வேறு ஒன்றுமில்லை என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, உங்கள் கணவர் கேமராவில் தெரியும்படி உட்காரட்டும், ஆனால் உங்கள் பக்கம் முகத்தைத் திருப்பக் கூடாது, சுவரைப் பார்த்தபடி இருக்கட்டும் என்றார். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. லேப்டாப்பை மறுபடி என் பக்கம் திருப்பி வைத்தேன். கணவர் மேஜைக்குப் பின்னாலிருந்து வந்து, என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை மட்டும் பின்னால் வளைத்துக் கேபிளைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு திரை ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. நான் கழுத்தைத் திருப்பியபடியே பதில் சொன்னேன். ஒரு கேள்விக்குத் தெரியாது என்றேன். மற்றதற்கெல்லாம் தெரிந்ததைச் சொன்னேன். வெளியே தக்காளி வண்டிக்காரர் கத்திக்கொண்டு போனார். எங்கள் உருவம் தெரிந்த சின்னக் கட்டத்தில் கணவரின் முழங்கை நடுங்குவதைப் பார்த்தேன். கை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லத் துடித்தேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசினாலும் சந்தேகம் வருமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் அந்தப் பெண், “அடுத்த ரவுண்டுக்கு முன்னால் லேப்டாப்பைச் சரிசெய்துவிடுங்கள்” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அழைப்பு முடிந்தது. திட்டிவிட்டுப் போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கணவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த ரவுண்டுன்னாங்கல்ல?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “ஆமாங்க” என்றேன்.

“அப்ப விட்டுடவா?”

எழுந்து போய், மரத்துப்போயிருந்த அவர் விரல்களை நானே கேபிளிலிருந்து பிரித்தெடுத்தேன். திரை கறுத்தது. கறுத்தால் கறுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.