நன்றி சொல்லப் போய்

எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய சொல் ‘போதும்’. அப்பா இரத்தோட்டையில் மிளகும் கராம்பும் வாங்கிக் காயவைத்து விற்கும் ஒரு ஸ்டோரில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சின்னத் தேவாலயத்தில் பிரசங்கமும் செய்தார். ஆண்டவருடைய பிள்ளைகள் கையில் இருப்பதைக்கொண்டு சந்தோஷமாக வாழவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆளுக்கு மூன்று உடுப்பு போதும். செருப்பு அறுந்தால் தைத்துப் போட்டால் போதும். டிவி வேண்டாம், ரேடியோ போதும். அப்பா இப்படி ஒவ்வொன்றாக முடிவு செய்யும்போது அம்மா தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். எட்டு வயதில் எனக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. பக்கத்து வீட்டு டிவி எங்கள் ஜன்னலிலிருந்து நன்றாகவே தெரிந்தது.

மாத்தளை டவுனிலிருந்து போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் திருவிருந்து கொடுக்க வருவார். அன்று அவருக்கு மத்தியானச் சாப்பாடு சபையில் ஒரு வீட்டில். முறை வைத்து ஒவ்வொரு குடும்பமாகக் கொடுப்போம். மற்ற வீடுகளில் கோழி, முட்டை, அப்பளம், கடைசியில் வட்டிலப்பம் என்று அமர்க்களப்படும். எங்கள் முறை வந்தபோது, நாம் சாப்பிடுவதையே அவரும் சாப்பிடட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். சோறு, பருப்பு, பலாப்பிஞ்சுக் கறி, தேங்காய்ச் சம்பல். போதகர் என்னவோ நன்றாகத்தான் சாப்பிட்டார். ஆனால் இரண்டு வாரம் கழித்து சபையிலிருந்து நான்கு பேர் ஒரு மூட்டை அரிசியும் பழைய உடுப்புகளும் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்து, எங்கள் கஷ்டம் தீர உருக்கமாக ஜெபித்துவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. அன்று மாலையே அதையெல்லாம் உண்மையாகவே வசதியில்லாத ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வெகுநாள் தேவாலயத்தில் கடைசி வாங்குப் பலகையில்தான் உட்கார்ந்தார்.

அடுத்த வருடம் எங்கள் முறை மறுபடி வந்தபோது அம்மா அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு முஸ்லிம் மாமியிடம் கேட்டார். சனிக்கிழமை, அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம், பூப்போட்ட பீங்கான் தட்டுகளும் வெள்ளை மேசைத்துணியும் வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் வந்தன. ஞாயிறு ஆராதனை முடிந்து அப்பாவும் போதகரும் பேசிக்கொண்டே வருவதற்குள் அம்மாவும் நானும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமி கோழிக்கறியை ஆக்கி, சட்டியோடு வேலியருகே நின்றுகொண்டிருந்தார்.

“இன்னைக்கு ஒரு நாளாவது யாரும் நம்மளப் பாவம்னு நெனச்சிட்டுப் போகக்கூடாது,” என்றார் அம்மா. மாமியிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா தெரியாது. பிறகு என் பக்கம் திரும்பி, இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் வாயைத் திறக்கக்கூடாது என்றார். நான் சத்தியமே செய்து கொடுத்தேன்.

அப்பா உள்ளே வந்து மேசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் போதகர் இருந்ததால் அவரால் எதையும் கேட்க முடியவில்லை. எல்லாரும் உட்கார்ந்தோம். போதகர் சுற்றிப் பார்த்துவிட்டு, மகள் ஜெபிக்கட்டும் என்றார்.

இங்கேதான் ஒன்றைச் சொல்லவேண்டும். அன்று காலைதான் ஞாயிறு பள்ளி டீச்சர் எங்களுக்கு நன்றி ஜெபம் சொல்லிக் கொடுத்திருந்தார். மொத்தமாக ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று சொல்வது சோம்பேறிகளின் ஜெபமாம். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, அதைக் கொடுத்தவர்களையும் நினைத்து நன்றி சொல்ல வேண்டுமாம். என் திறமையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று கண்ணை இறுக்கி மூடினேன்.

“இயேசப்பா, இந்தச் சோத்துக்காக ஸ்தோத்திரம். பூப்போட்ட பீங்கான் குடுத்த பக்கத்து வீட்டு மாமிக்காக ஸ்தோத்திரம். அவங்க ஆக்கிக் குடுத்த கோழிக்கறிக்காக ஸ்தோத்திரம். மேசைத்துணியும் அவங்களோடதுதான், அதுல கறி படாமப் பாத்துக்கங்க. அடுப்படியில மூடி வச்சிருக்கிற எங்க பருப்புக்காகவும் ஸ்தோத்திரம். ஆமென்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தால் அம்மாவின் முகம் பழுத்த மிளகாய் போல் சிவந்திருந்தது. அப்பா தன் பீங்கானையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சத்தியத்தை மீறவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் மனிதர்களிடம் சொல்லவில்லை.

போதகர் மட்டும் இன்னும் தலை குனிந்தபடி இருந்தார். அவர் தோள் குலுங்கியது. ஒருவழியாக நிமிர்ந்து, “அந்தப் பருப்பையும் கொண்டு வாங்கம்மா. அதுக்கும்தான் ஸ்தோத்திரம் சொல்லியாச்சே,” என்றார்.

பருப்பு வந்தது. போகிற வீடெல்லாம் கோழி போட்டுப் போட்டுத் தன் வயிறு படும் பாட்டை அவர் கதை கதையாகச் சொன்னார். பருப்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாமியின் கறியையும் விடவில்லை. அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எளிமையைப் பற்றி அன்று காலை முக்கால் மணி நேரம் பிரசங்கித்த அப்பா, கோழியில் இரண்டு துண்டு கூடுதலாகவே எடுத்தார்.

பின்னேரம் பீங்கான்களைக் கழுவிக் கொடுக்கப் போன அம்மா நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். வேலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அடி விழும் என்று வாழைமரத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்த எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

ஆறு மணிக்கு வழக்கம்போல் பாய் விரித்துக் குடும்ப ஜெபத்துக்கு முழந்தாளிட்டோம். முதலில் நான், அடுத்து அம்மா, முடிவில் அப்பா. அம்மா எப்போதும் சொந்தக்காரர்கள், சுகமில்லாதவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றித்தான் முடிப்பார். அன்று அப்படி இல்லை.

“ஆண்டவரே, உள்ளது போதும்னு இருக்க எனக்கும் தெரியும். பத்து வருஷமா இருந்துட்டுத்தான் வாறேன். இனிமே எது போதும்னு முடிவெடுக்க முந்தி, என்னையும் ஒரு வார்த்த கேக்கணும்.”

அம்மா அதோடு முடித்துக்கொண்டார். அப்பாவின் முறை. அவர் தொண்டையைச் செருமினார், மறுபடி செருமினார், ஆனால் ஆரம்பிக்கவில்லை. எனக்கோ மிச்சமிருந்த கோழிக்கறியில்தான் ஞாபகம். ஆகவே நானே சத்தமாக ஆமென் சொல்லி முடித்து வைத்தேன்.

எழுந்ததும் அப்பா அம்மாவுக்குப் பின்னாலேயே அடுப்படிக்குப் போனார். வெகுநேரம் இரண்டு பேரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஜெபம் பண்ண மறந்துவிட்டார் என்று நான் அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். அம்மா அன்று ஆண்டவரிடம்தான் பேசினார் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.