மைனஸ் ஒன்றில் வந்த பேரிக்காய்

கேட் பாஸில் இப்படி அச்சாகியிருக்கிறது: "சுகிர்தம் ஞா., பெண், வயது 41. பணி: துப்புரவு. திறன் வகை: பயிற்சி பெறாதவர். உள்ளே அனுமதிக்கப்படும் பொருட்கள்: துடைப்பம், வாளி."

ஆள் எடுத்த ஒப்பந்தக்காரரிடம் துப்புரவுப் பிரிவில்தான் இடம் காலியாக இருந்தது. ஆகவே எம்.சி.ஏ. படித்த, பதினைந்து வருடமாக மென்பொருள் எழுதிவரும் சுகிர்தம், திருவொற்றியூரில் உள்ள அந்தக் கண்டெய்னர் யார்டுக்குள் துப்புரவுப் பணியாளராக மடிக்கணினியோடு நுழைகிறார். காவலர் மதார் சாகிப் தினமும் பையைத் திறந்து பார்ப்பார். "தொடப்பம் இன்னா இவ்ளோ வெயிட்டா கீது?" என்பார். சுகிர்தத்துக்கு அவர்மேல் வருத்தமில்லை. சந்தேகப்படுகிறவர்களை மட்டும்தான் சுகிர்தம் ஓரளவு நம்புவார்.

கல்மண்டபத்தில் அப்பாவின் மளிகை மொத்தக் கடையில் வளர்ந்தவர். யாராவது ஒன்றை இலவசமாகக் கொடுத்தால், அதை வேறு எதில் சுருட்டினார்கள் என்று தேடும் குணம் அங்கே வந்தது. சர்ச் விருந்தில் இரண்டாவது துண்டு கறி விழுந்தாலும் பரிமாறுகிறவரை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார்.

யார்டில் அவருக்குக் கொடுத்த வேலை, பெட்டிகளைப் பதியும் கைக்கருவிகளின் பழைய நிரலைப் புதிய மொழியில் திருப்பி எழுதுவது. உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியையும் அந்தக் கருவியில் பதிவார்கள். பெட்டி சாதாரண 'டிரை'யாக இருக்கும். அல்லது குளிரூட்டும் 'ரீஃபர்' ஆக இருக்கும். ரீஃபருக்கு மட்டும் வெப்பநிலை உண்டு. ஒன்று இது, இல்லை அது. இரண்டும் ஆக முடியாது. இந்தச் சின்ன விஷயத்தை ஒவ்வொரு கணினி மொழியும் ஒவ்வொரு விதமாகச் சேமிக்கிறது. கருவியில் நினைவகம் கொஞ்சம் என்பதால், சுகிர்தம் ஒரே விவரத்தை நான்கு மொழிகளில் எழுதி அளந்து பார்த்தார்.

ஜாவா விவரத்தைத் தனியாக எங்கோ வைத்துவிட்டு முகவரியைக் கையில் கொடுத்தது. விவரத்தைவிட அதன் தலையில் ஒட்டிய குறிப்பு பெரிது. ஓகாமல் (OCaml) என்ற மொழி, வெறும் 'டிரை' என்றால் தனி அறை கேட்காமல் அந்த இடத்திலேயே குறித்துவிடும். வெப்பநிலை சேர்ந்தால் அதுவும் அறை கேட்கும். சி மொழியில் 'இது எந்த வகை' என்ற சீட்டை நாமே ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அது ஏன் என்று கேட்காது. ரஸ்ட் தானே ஒட்டும். சில இடங்களில் சீட்டே இல்லாமலும் சமாளிக்கும்.

அந்தச் 'சில இடங்கள்' சுகிர்தத்துக்குப் பிடிக்கவில்லை. சீட்டு எங்கே போனது? குடைந்து பார்த்தார். வரவே முடியாத மதிப்பு ஒன்று உண்டு என்று உறுதியானால் மட்டும், ரஸ்ட் அதை 'இல்லை' என்பதற்கு அடையாளமாக வைத்துக்கொள்கிறது. நம் வெப்பநிலைக்கு அப்படி எதுவும் இல்லை; ஒரு பைட்டில் அடங்கும் எந்த எண்ணும் வெப்பநிலையாக வரலாம். ஆகவே சீட்டுக்கு இன்னொரு பைட் கேட்டது. கேட்டு வாங்குகிற ஆள், பரவாயில்லை என்று சுகிர்தம் சமாதானமானார்.

ஆனால் பழைய நிரல் இதே விவரத்தை ஒரே பைட்டில் முடித்திருந்தது. எழுதியவர் தண்டபாணி, இப்போது கணினிப் பிரிவின் தலைவர். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

அந்த வாரம்தான் பேரிக்காய் நாறியது. ஒரு ரீஃபர் முழுக்க வெளிநாட்டுப் பேரிக்காய், மின்சாரம் கொடுக்கப்படாமல் டிரை பெட்டிகள் நடுவே வெயிலில் கிடந்திருக்கிறது. ரீஃபர்களுக்குப் பிளக் போடுகிற ஜேக்கப்பை இடைநீக்கம் செய்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை, வேலை போவது நிச்சயம் என்று பேச்சு. ஜேக்கப் தூங்கிவிட்டார் என்று சிலர், லஞ்சம் வாங்கினார் என்று சிலர். சுகிர்தம் இரண்டையும் நம்பினார். தூங்குவதற்காகவே லஞ்சம் வாங்கியிருக்கலாம் என்றும் யோசித்தார்.

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஜேக்கப்பைப் பிடித்தார்.

"எப்ப தூங்குனீங்க?"

"இன்னா மேடம், கொலை கேஸு மாதிரி கேக்குறே. தூங்கல. மிஷின்ல அந்தப் பொட்டி டிரைன்னு வந்துச்சி."

"பெட்டியோட முகத்துல மோட்டார் இருக்குமே, கண்ணு தெரியாதா?"

"மோட்டாரு கீறதெல்லாம் ரீஃபரா? சும்மா திரும்புற ரீஃபர்ல டைல்ஸ் ஏத்திக்கினு வரான். போன தபா அதுக்குப் பிளக்கப் போட்டுட்டு, கரண்டு இன்னா உங்க நைனா வூட்டுதான்னு வாங்கிக் கட்டிக்கினேன். அதுலேர்ந்து மிஷின் சொன்னாத்தான் போடுவேன்."

"மிஷின் மேல பழியப் போடச் சொல்லி யார் சொல்லிக் குடுத்தா?"

"நீ ஒண்ணு. மிஷினு வந்து சாட்சி சொல்லப் போவுதா? வெள்ளிக்கெயம தூக்கிருவானுங்க."

"எத்தனை டிகிரி வச்சிருந்தாங்க?"

"மைனஸ் ஒண்ணு. பேரிக்காக்கு அதான்."

சுகிர்தம் டீயை வைத்துவிட்டு எழுந்தார். ஜேக்கப்பை நம்பிவிட்டதால் அல்ல; அவரைவிட அதிகமாகச் சந்தேகப்பட இன்னொன்று கிடைத்ததால். கெட்டிக்கார மொழிக்கே இரண்டு பைட் தேவைப்பட்ட இடத்தில், பழைய நிரலுக்கு ஒன்று எப்படிப் போதுமாயிற்று? ஏதோ ஒரு வெப்பநிலையைத் திருடித்தான் 'டிரை' என்பதற்கு அடையாளமாக வைத்திருக்க வேண்டும். நிரலைத் திறந்தார். திருடப்பட்டது மைனஸ் ஒன்று.

தண்டபாணி மறுக்கவில்லை. "அப்ப இங்க வந்ததெல்லாம் எறாதான். மைனஸ் பதினெட்டு. மைனஸ் ஒண்ணுல எதுவுமே வந்ததில்லைம்மா."

"இப்ப வந்திருக்கு சார்."

"டிரைக்கு அடையாளத்தை மைனஸ் நூத்தி இருபத்தெட்டுன்னு மாத்திடுங்க. அந்தக் குளிர்ல எவன் பழம் அனுப்பப் போறான்? வியாழக்கிழமைக்குள்ள எல்லாக் கருவியிலயும் ஏத்திடுங்க, சத்தமில்லாம."

"ஜேக்கப்?"

"அவன் உங்க சர்ச்சா?"

"அவர் மாதா கோயில். நாங்க சி.எஸ்.ஐ. பார்த்தா ஸ்தோத்திரம்கூடச் சொல்லிக்க மாட்டோம்."

"அப்புறம் என்ன? ஆள் தப்புன்னா நஷ்டம் ஒப்பந்தக்காரனோட போயிடும். நிரல் தப்புன்னா யார்டு தலையில விழும். உங்க ஒப்பந்தம் புதுப்பிக்கிற ஃபைலும் என் மேசைக்குத்தான் வருது, ஞாபகம் இருக்கட்டும்."

தண்டபாணி கெட்டவர் அல்ல. கிறிஸ்துமஸுக்கு ஜேக்கப்புக்குத் தன் கைக்காசில் சட்டை எடுத்துக் கொடுக்கிறவர். வேலை போயிருந்தாலும் இந்த வருடமும் கொடுத்திருப்பார்.

இப்போது யார்டில் பல கதைகள் உலவுகின்றன. சுகிர்தம் தண்டபாணியின் நாற்காலிக்குக் குறிவைத்தார் என்கிறார்கள். ஜேக்கப்புக்கு அவர் தூரத்து உறவு என்றும் சொல்கிறார்கள். ஜேக்கப் மறுபடி வேலைக்கு வந்துவிட்டார். சுகிர்தத்தின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஜேக்கப் அன்றைக்குத் தூங்கியும் இருக்கலாம் என்றுதான் சுகிர்தம் இன்னும் சொல்கிறார்.

அவர் செய்தது இவ்வளவுதான்: ஒரு கைக்கருவியை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை விசாரணை அறைக்குப் போய், அதில் ரீஃபர், மைனஸ் ஒன்று என்று பதிந்து, 'டிரை' என்று வந்த திரையை விசாரணை அதிகாரியின் பக்கம் திருப்பி வைத்தார்.